26 வாரம் முடிகிறது: அடுத்து எந்த வழி?

பிரசவ விடுப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். "வேலைக்குப் போறியா, விட்டுடுறியா?" அம்மா கேட்பார், மாமியார் கேட்பார், எதிர்வீட்டு அக்காவும் கேட்பார். கேள்வி இரண்டே பதிலோடு வருவதால் முடிவும் இரண்டில் ஒன்றாகவே போய்விடுகிறது. சென்னை, கோவை மாதிரி ஊரில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தாய்க்கு உண்மையில் ஆறு வழிகள் இருக்கின்றன: உடனே முழுநேரத்துக்குத் திரும்புவது, சம்பளமில்லாமல் விடுப்பை நீட்டுவது, அதே வேலையை வீட்டிலிருந்து பார்ப்பது, அதே நிறுவனத்தில் நேரத்தைக் குறைப்பது, தனியாக வேலை எடுத்துச் செய்வது, ஓரிரு வருடம் முழுதாக நிறுத்துவது.

இவற்றை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது சம்பளத்தை அல்ல. சரிப்படவில்லை என்றால் அந்த வழியிலிருந்து திரும்பி வர எவ்வளவு சிரமம் என்பதைப் பாருங்கள். விடுப்பை நீட்டியவர் நாளைக்கே வேலையில் சேரலாம். வீட்டிலிருந்து பார்ப்பவர் மறுபடி அலுவலகம் போகலாம். ராஜினாமா கொடுத்தவர் அதே சம்பளத்தில், அதே இடத்தில் திரும்பி நிற்பது கடினம். ஆகவே ராஜினாமா கடைசிப் படியில் இருக்க வேண்டும். நிறைய வீடுகளில் அதுதான் முதல் படியாக இருக்கிறது.

தேதிக் கணக்கு

சம்பளத்துடன் கூடிய பிரசவ விடுப்பு 26 வாரம், அதாவது 182 நாள். 1961ஆம் வருடப் பிரசவப் பயன் சட்டத்தில் 2017 திருத்தம் கொண்டுவந்த இந்த அளவு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. உயிரோடு இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருந்தால் 12 வாரம்தான். எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது அந்த நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்களுக்கு இதே 26 வாரப் பணம் ஈ.எஸ்.ஐ. வழியாக வரும்.

பலர் தவறவிடுவது அடுத்த கணக்கை. 26 வாரத்தில் 8 வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தால் மிச்சம் 18 வாரம். அதாவது வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு நாலு மாதம்தான் ஆகியிருக்கும். கழுத்து நின்று, குப்புற விழத் தொடங்கும் பருவம். முன்பக்கம் இரண்டு வாரம் மட்டும் எடுத்தால் குழந்தைக்கு ஐந்தரை மாதம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த எல்லைக்கு மிக அருகில் வந்துவிடுகிறோம். உடம்பு ஒத்துழைத்தால், மருத்துவர் சரி என்றால், முன்பக்கம் குறைவாக எடுப்பது பின்னால் பெரிய உதவி. பிரசவத்தால் வந்த உடல்நலக் கோளாறோ குறைமாதப் பிரசவமோ இருந்தால் மருத்துவச் சான்றோடு இன்னும் ஒரு மாதம் சம்பளத்துடன் கேட்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. கேட்பவர்கள் குறைவு.

நம் ஊர்ப் பழக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பிரசவம் தாய்வீட்டில், ஐந்தாம் மாதம்வரை அங்கேயே இருந்துவிட்டு, விடுப்பு முடிவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு சென்னைக்கு வண்டி ஏறுவார்கள். குழந்தைக்கு ஒரே வாரத்தில் வீடு மாறுகிறது, தூளி மாறுகிறது, தூக்கும் கை மாறுகிறது, பகலில் அம்மாவும் காணாமல் போகிறார். ராத்திரி முழுக்க அழுகிறது. மூன்றாம் நாள் அம்மா ராஜினாமா எழுத உட்காருகிறார். வேலைக்குச் சேரும் நாளுக்கு நாலு வாரம் முன்பாவது ஊர் திரும்பிவிடுங்கள். புது வீடு முதலில், புது ஆள் அடுத்து, அம்மாவின் வேலை கடைசியில் என்று ஒவ்வொன்றாகப் பழக்கினால் குழந்தை தாங்கிக்கொள்ளும்.

நேரமும் பணமும்

வேளச்சேரியில் வீடு, சிறுசேரி சிப்காட்டில் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். காலை 8 மணிக்குக் கிளம்பி 9.15க்கு உட்கார்ந்து, 6.15க்கு எழுந்து, 7.30க்கு வீடு. வெளியே இருப்பது பதினொன்றரை மணி நேரம். குழந்தை ஆறரைக்கு விழித்து எட்டரைக்குத் தூங்கினால், விழித்திருக்கும் குழந்தையோடு இருப்பது காலையில் ஒன்றரை, இரவில் ஒன்று. வேலை நாள் ஐந்துக்கும் சேர்த்து பன்னிரண்டரை மணி. இதில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை என்றால் பயண நேரம் ஏழரை மணி திரும்பக் கிடைக்கிறது. பன்னிரண்டரை இருபதாகிறது. ஒரு ரூபாய் சம்பளம் குறையவில்லை. நிதானமாக வாழ வேண்டும் என்று வேலையை விடுகிறவர்களில் பலருக்குப் பறிபோனது இந்தப் பயண நேரமும், ஏழு மணிக்கு மேல் வரும் மீட்டிங்கும்தான். அதை மட்டும் வெட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள்.

பணக் கணக்கில் நடக்கும் தவறு வேறு மாதிரி. கைக்கு வருவது 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். டேகேர் 12,000, பயணம் 4,000, சமையலுக்கு உதவி 5,000, வெளிச்சாப்பாடு, துணிமணி 3,000. மிச்சம் 36,000. "இதுக்காகவா இந்த ஓட்டம்?" என்று தோன்றும். ஆனால் அடிப்படைச் சம்பளம் 25,000 என்றால் உங்கள் பங்கும் நிறுவனப் பங்குமாக மாதம் 6,000 பி.எஃப். பக்கம் போகிறது. கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை, வருடத்துக்கு 15 நாள் சம்பளம், அதாவது 25,000த்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் சுமார் 14,400, மாதத்துக்கு 1,200. ஆக 43,000க்கு மேல். நிறுவனம் தரும் குழு மருத்துவக் காப்பீடு தனி. அதோடு டேகேர் செலவை அம்மாவின் சம்பளத்தில் மட்டும் கழிப்பது ஏன்? குழந்தை இருவருக்கும்தான். இருவர் வருமானத்திலும் பாதிப் பாதியாகக் கழித்துப் பாருங்கள், படமே மாறிவிடும். டேகேர் செலவு இரண்டு மூன்று வருடத்தில் குறைந்துவிடும்; நின்றுபோன சம்பள உயர்வு அடுத்த பத்து வருடத்துக்கும் தொடரும்.

முழுநேரத்துக்குத் திரும்புவது

இந்த வழி தோற்பது பெரும்பாலும் பாலில், இல்லையென்றால் பார்த்துக்கொள்ளும் ஆளில்.

பால் விஷயம் முதலில். ஒன்றிலிருந்து ஆறு மாதக் குழந்தை குடிப்பது, நீங்கள் இல்லாத ஒவ்வொரு மணிக்கும் சுமார் 30 மி.லி. என்று வையுங்கள். பதினொன்றரை மணிக்கு 350 மி.லி. வேண்டும். இதை ஒரே நாளில் சேர்க்க முடியாது. சேருவதற்கு மூன்று வாரம் முன்பே தினமும் காலை முதல் பால் கொடுத்த பிறகு ஒருமுறை பம்ப் செய்யத் தொடங்குங்கள். முதல் நாட்களில் 30 மி.லி. வந்தாலே நல்லது. வலித்தாலோ பால் வராவிட்டாலோ முதலில் பம்பின் புனல் அளவைப் பாருங்கள். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 மி.மீ.; பலருக்கு அதைவிடச் சிறியது தேவைப்படும்.

60 முதல் 90 மி.லி. வரை தனித்தனியாக, தேதியும் மணியும் எழுதி வையுங்கள். பெரிய பாட்டிலில் வைத்தால் குழந்தை மிச்சம் வைத்ததைக் கொட்ட வேண்டியிருக்கும். வாய் வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. புதுப் பால் வெளியே நாலு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிவரை உள்ள அறைக்குச் சொன்ன கணக்கு. நம் ஊர் மே மாத அறைக்கு அது பொருந்தாது, எடுத்தவுடனே குளிரில் வைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் நாலு நாள். கதவில் வேண்டாம், உள்ளே பின்தட்டில். உறைந்த ஐஸ் பேக் வைத்த கூலர் பையில் 24 மணி நேரம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியை இரண்டு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம், அடிக்கடி திறப்பதாலும் மின்தடையாலும் குளிர் நிலையாக இருக்காது. உருக்கிய பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது, 24 மணிக்குள் தீர்க்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துத்தான் சூடாக்க வேண்டும்; அடுப்பில் நேரடியாகவோ மைக்ரோவேவிலோ வேண்டாம்.

பாட்டிலை மறுக்கும் குழந்தைக்குப் பாட்டி கையில் பாலாடை இருக்கிறது. சில வீட்டில் சங்கு என்பார்கள். மடியில் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கு குழந்தையின் கீழுதட்டில் தொடும்படி வைத்து, குழந்தை தானே நாக்கால் இழுக்கும் வேகத்துக்குச் சாய்க்க வேண்டும். வாய்க்குள் ஊற்றினால் புரை ஏறும். கழுவ பாட்டிலைவிடச் சுலபம், கிருமி தங்கும் இடுக்கும் கிடையாது. முதல் சில முறை அம்மா அறையிலேயே இருக்கக் கூடாது. வாசனை பிடித்தால் குழந்தை வேறு எதையும் தொடாது.

அலுவலகத்தில் பத்தரை, ஒன்றரை, நாலரை என்று மூன்று முறை, ஒவ்வொன்றும் 15 முதல் 20 நிமிடம். இரண்டாம் வாரத்தில் "பால் குறைஞ்சுபோச்சு" என்பார்கள். பெரும்பாலும் காரணம் மீட்டிங்கால் விட்டுப்போன நாலரை மணி. மார்பில் பால் தேங்கினால் உடம்பு தேவை குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைத்துவிடும். காலெண்டரில் அந்த மூன்று நேரத்தையும் மூடிவையுங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான இடைவேளைக்கு மேல் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், நாளுக்கு நாலு முறை போய்ப் பார்க்கவும் விட வேண்டும். காப்பகம் அலுவலக வளாகத்திலோ பக்கத்திலோ இருந்தால் கூலர் பையே தேவைப்படாது. ஹெச்.ஆரிடம் கேட்கும்போது "வசதி இருக்கா?" என்று வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் வந்த கேள்விக்கு எழுத்தில் பதில் வரும்.

அடுத்து ஆள். பாட்டி பார்த்துக்கொள்வது குழந்தைக்கு நல்லதுதான். ஆனால் முட்டிவலி உள்ள 60 வயதுப் பெண்ணுக்கு, ஒன்பது கிலோ குழந்தையைப் பதினொன்றரை மணி நேரம் தூக்கி இறக்குவது கடும் உடலுழைப்பு. மூன்றாம் மாதம் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், ஏற்பாடு ஒரே நாளில் உடையும். பாட்டி இருந்தாலும் பகலில் நாலைந்து மணி நேரத்துக்கு ஓர் உதவி ஆளோ அரைநாள் டேகேரோ வையுங்கள். ஞாயிறு அவருக்கும் விடுமுறையாக இருக்கட்டும்.

டேகேர் பார்க்கப் போவது காலை பதினொரு மணிக்கு வேண்டாம். எல்லா இடமும் அப்போது அழகாக இருக்கும். சொல்லாமல் மாலை ஐந்தரைக்குப் போங்கள். ஆட்கள் களைத்து, பாதிப் பேர் கிளம்பிய பின் மிச்சமுள்ள குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று அப்போது தெரியும். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளரும், கூடவே உதவியாளரும் வேண்டும் என்கிறது. தவழும் குழந்தைகளுக்கு அதுவே போதாது. ஆளுக்கு நாலைந்து குழந்தைகள் உள்ள இடமாகத் தேடுங்கள். டயப்பர் மாற்றும் மேடையும் பால் தயாரிக்கும் மேடையும் ஒன்றா? காய்ச்சல் வந்தால் எத்தனை டிகிரியில் கூப்பிடுவார்கள்? போன ஆறு மாதத்தில் எத்தனை ஆயாம்மா மாறினார்கள்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். சிசிடிவி இருக்கிறதா என்பதைவிட இது முக்கியம்.

பழக்குவதற்கு இரண்டு வாரம் வேண்டும்: முதல் மூன்று நாள் அம்மாவோடு ஒரு மணி நேரம், அடுத்து அம்மா இல்லாமல் ஒரு மணி, பிறகு மதியத் தூக்கம்வரை, பிறகு முழுநாள். வேலையில் சேரும் நாளைத் திங்களில் வைக்காமல் புதன் அல்லது வியாழனில் வைத்தால் முதல் வாரம் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். டேகேரில் சேர்ந்த முதல் மாதங்களில் சளியும் காய்ச்சலும் மாறிமாறி வரும். அதற்காக எட்டுப் பத்து நாள் விடுப்பாவது மிச்சம் வைத்திருங்கள்.

விடுப்பை நீட்டுவது

மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்டால் பல நிறுவனங்கள் கொடுக்கும். சேர்ந்துள்ள ஈட்டிய விடுப்பை முதலில் போட்டு, மீதியை அப்படி எடுக்கலாம். வேலை கையில் இருக்கும், திரும்புவது சுலபம். ஆனால் சம்பளமில்லா மாதங்களில் பி.எஃப். சேராது; குழுக் காப்பீடு தொடருமா, பிரீமியத்தை யார் கட்டுவது என்று எழுத்தில் வாங்க வேண்டும்; அந்த வருட அப்ரைசலில் எந்த வரிசையில் வைப்பார்கள் என்றும் கேட்டுவிட வேண்டும்.

எத்தனை மாதம் நீட்டுவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழந்தைக்கு எட்டு ஒன்பது மாதத்தில் ஆள் அடையாளம் நன்றாகப் பிடிபடும். அம்மா அறையைவிட்டுப் போனாலே அழும் பருவம் அது. ஒன்றரை வயதுவரை ஏறி இறங்கும். ஆறேழு மாதத்தில் டேகேர் போன குழந்தை, பத்து மாதத்தில் போகும் குழந்தையைவிடச் சீக்கிரம் பழகுவது இதனால்தான். "இன்னும் மூணு மாசம் வீட்டில் இருந்தால் குழந்தை கொஞ்சம் பெரிசாகிடும்" என்று நீட்டுகிறவர்கள் சரியாக அந்தக் கடினமான கட்டத்தில் போய் இறங்குகிறார்கள். நீட்டுவதானால் திட உணவு நிலைபெறும்வரை ஒரு மாதம் நீட்டுங்கள், இல்லையென்றால் முதல் பிறந்தநாள் தாண்டும்வரை. நடுவில் இறங்க வேண்டியிருந்தால் பழக்கும் காலத்தை நாலு வாரமாக்குங்கள்.

தமிழக அரசு ஊழியர்களுக்கு இந்தக் கேள்வியே கிட்டத்தட்ட இல்லை. 2021 ஜூலை 1 முதல் அவர்களுக்கு விடுப்பு 12 மாதம். மத்திய அரசுப் பணியில் 180 நாள் பிரசவ விடுப்போடு, பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365க்கு 80 சதவீதம். முனைவர் பட்ட ஆய்வு மாணவிகளுக்கு யு.ஜி.சி. விதிப்படி ஆய்வுக்காலத்தில் 240 நாள்வரை விடுப்பு உண்டு. துறை அலுவலகம் தானாகச் சொல்லாது, நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும்.

வீட்டிலிருந்து அதே வேலை

மேலே சொன்ன இருபது மணி நேரக் கணக்கு இங்கேதான் கைகூடுகிறது. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனமும் தாயும் பேசி ஒப்புக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. கட்டாயம் கிடையாது, கேட்க வழி உண்டு. கேட்கும்போது "குழந்தை சின்னது" என்பதில் ஆரம்பிக்காமல் வேலையில் ஆரம்பியுங்கள்: எந்த வேலைகளை வீட்டிலிருந்து முடிக்க முடியும், எந்த இரண்டு நாள் நேரில் வருவீர்கள், தினமும் எந்த மணியிலிருந்து எந்த மணிவரை கிடைப்பீர்கள், இந்த ஏற்பாட்டை மறுபரிசீலனை செய்யும் தேதி எது. ஆறு மாதத்துக்குக் கேளுங்கள். முடிவில்லாமல் கேட்டால் மேனேஜருக்குத் தயக்கம் வரும். ஒப்புக்கொண்டதும் மேனேஜர் வாய்ச்சொல்லோடு விடாமல் ஹெச்.ஆர். மின்னஞ்சலாக வாங்கிவிடுங்கள்; மேனேஜர் மாறினால் வாய்ச்சொல் போய்விடும்.

இந்த வழி உடைவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: வீட்டிலிருந்து வேலை என்றால் குழந்தையைப் பார்க்க ஆள் தேவையில்லை என்று வீடு முழுவதும் நம்பிவிடுகிறது. ஏழு மாதக் குழந்தை பகலில் இரண்டு மூன்று முறை, மொத்தம் மூன்று மணி நேரம்போலத் தூங்கும். எட்டு மணி நேர வேலையில் மீதி ஐந்து மணியை எங்கே போடுவது? இரவு பத்து மணிக்குமேல்தான் போகும். இரண்டு மாதத்தில் உடம்பு படுத்துவிடும். தினம் ஐந்தாறு மணி நேரத்துக்கு இன்னொரு ஆள் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். அறைக்கதவு மூடியிருந்தால் அம்மா ஆபீசில் இருக்கிறார் என்பது வீட்டுக்கு வந்த உறவினருக்கும் தெரிய வேண்டும். "வீட்லதானே இருக்கே, ஒரு காபி போடேன்" என்பது நாளுக்கு நாலு முறை வந்தால் அரைநாள் போய்விடும். கணவர் இந்த விதியை முதல் வாரமே வீட்டில் சொல்லிவிட வேண்டும். மருமகள் சொன்னால் அது வேறு மாதிரி கேட்கும்.

கணவருக்கு நேரம் மாற்றும் வசதி இருந்தால் அதுவும் கணக்கில் வரட்டும். அவர் ஏழரைக்குப் போய் நாலரைக்குக் கிளம்பி, நீங்கள் பத்துக்கு வீட்டிலிருந்து கிளம்பினால், குழந்தை வெளி ஆளிடம் இருக்கும் நேரம் பதினொன்றரையிலிருந்து எட்டுக்குக் கீழே வந்துவிடும். தனியார் துறையில் தந்தைக்கு விடுப்பு தரச் சட்டக் கட்டாயம் இல்லை என்பதால் நேரத்தை மாற்றுவதுதான் அவர் கையில் உள்ள நடைமுறை வழி.

நேரத்தைக் குறைப்பது

வாரம் நாலு நாள், அல்லது தினம் ஐந்து மணி நேரம். நம் ஊரில் இன்னும் அரிது. கிடைத்தாலும் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். சம்பளம் 60 சதவீதமாகும், வேலை 90 சதவீதமாகவே நிற்கும். நேரத்தைக் குறைக்கும் கடிதத்திலேயே எந்த வேலைகள் இனி உங்களுடையவை இல்லை, அவை யாருக்குப் போகின்றன என்று பெயர் குறிப்பிட்டு எழுதாவிட்டால் இந்த வழியை எடுக்காதீர்கள். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்தால் கிராஜுவிட்டி கடைசிச் சம்பளத்தில் கணக்கிடப்படுவதால் முந்தைய வருடங்களுக்கும் அடி விழும். அடிப்படையை விட்டு மற்றப் படிகளில் (அலவன்ஸில்) குறைக்க முடியுமா என்று கேளுங்கள். ஈ.எஸ்.ஐ., பி.எஃப். தொடருமா என்பதையும் அதே கடிதத்தில் வாங்குங்கள்.

தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு வேலையே கிட்டத்தட்ட இப்படித்தான் என்று ஊர் நினைக்கிறது. மாலை நாலு மணிக்கு வீடு என்பது சரி. விடைத்தாள் கட்டும் கூடவே வீட்டுக்கு வரும். அவர்களுக்கு முக்கியம் ஜூன் மாதம். நடு வருடத்தில் விட்டால் அடுத்த ஜூன்வரை நல்ல இடம் காலியாகாது. விடுவதானாலும் சேருவதானாலும் கல்வியாண்டை ஒட்டிச் செய்யுங்கள்.

தனியாக வேலை எடுப்பது

மொழிபெயர்ப்பு, கணக்குப் பதிவு, வடிவமைப்பு, நிரல் எழுதுவது, இணையவழி வகுப்பு. நேரம் உங்கள் கையில் என்பார்கள். அரை உண்மைதான், வாடிக்கையாளர் கையிலும் கொஞ்சம் இருக்கிறது.

விலை வைப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பழைய சம்பளம் 60,000த்தை மாதம் 176 மணியால் வகுத்து, மணிக்கு 340 ரூபாய் என்று சொல்லிவிடுவார்கள். தினம் நாலு மணி, மாதம் 22 நாள் என்றால் 88 மணி. அதில் ஆள் பிடிப்பது, பேசுவது, பில் போடுவது, திருத்தம் எல்லாம் போகக் காசாகும் மணி 53 போல இருக்கும். 340 வைத்தால் மாதம் 18,000. கையில் 30,000 வேண்டுமானால் மணிக்கு 566. குழந்தைக்குக் காய்ச்சல் வரும் நாட்கள், லேப்டாப் தேய்மானம் சேர்த்து 650. பில் போட்டுப் பணம் வர ஒன்றரை மாதம் இரண்டு மாதம்கூட ஆகும். ஆகவே ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டிய வரி) பிடிக்கும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் கட்ட வேண்டிய வரி போக மீதி திரும்ப வரும். சேவைக்கான ஜி.எஸ்.டி. பதிவு வருடம் 20 லட்சம் தாண்டினால்தான்.

சம்பளத்துடன் பிரசவ விடுப்பில் இருக்கும்போதே வெளிவேலை எடுத்துச் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். விடுப்புக் காலத்தில் வேறு நிறுவனத்தில் வேலை பார்த்தால் அந்தக் காலத்துக்கான பயனை இழக்க நேரும் என்று 1961 சட்டத்திலேயே எழுதியிருந்தது. மாதிரி வேலைகளைத் தயார் செய்து வைக்கலாம், காசு வாங்கும் வேலை விடுப்பு முடிந்த பிறகு.

முழுதாக நிறுத்துவது

சில குழந்தைகளுக்கு இது தேவை: குறைமாதத்தில் பிறந்து அடிக்கடி மருத்துவமனை போக வேண்டிய குழந்தை, சிகிச்சைப் பயிற்சி தேவைப்படும் குழந்தை, நம்பி விட ஆளே இல்லாத வீடு. வேலையிலேயே பிடிப்பு இல்லாத தாய்க்கும் இது நேர்மையான வழி. ஆனால் பிரசவமான முதல் மூன்று மாதத்தில் இந்த முடிவை எடுக்கக் கூடாது. தூக்கமில்லாத மூளைக்கு எல்லா வழியும் அடைபட்டதாகத்தான் தெரியும். காரணமில்லாத அழுகை, குழந்தைமீது ஒட்டுதல் வராமை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமை இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால், முடிவு எடுக்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். டெலிமானஸ் உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

நிறுத்துவது என்று முடிவானால் தேதியை வைத்து விளையாட வேண்டும். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் தொடர்ச்சியான பணி வேண்டும். சம்பளத்துடன் கூடிய 26 வாரப் பிரசவ விடுப்பும் அதில் சேரும். நாலே முக்கால் வருடத்தில் ராஜினாமா கொடுப்பவர் மேலே போட்ட கணக்கில் 70,000 ரூபாய்க்கு மேல் தோற்கலாம். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு, ஆனாலும் பல நிறுவனங்கள் முழு ஐந்தைக் கேட்கும். வழக்குக்குப் போவதைவிட, சம்பளமில்லா விடுப்பு கேட்டுத் தேதியைத் தள்ள முடியுமா என்று பார்ப்பது சுலபம். அந்த விடுப்பும் தொடர்ச்சியில் சேருமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு எடுங்கள். விடுப்பு முடிந்ததும் ராஜினாமா செய்தால் பிரசவ விடுப்புச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டு என்று சில இடங்களில் மிரட்டுவார்கள். அப்படித் திருப்பித் தர வேண்டும் என்று பிரசவப் பயன் சட்டத்தில் விதி கிடையாது. நோட்டீஸ் காலத்தை முடித்துக் கொடுங்கள், அது போதும்.

குழுக் காப்பீடு கடைசி வேலைநாளோடு நின்றுவிடும். ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் அல்லது குடும்பப் பாலிசிக்கு மாற விண்ணப்பியுங்கள். இப்படி மாறினால் ஏற்கெனவே கடந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். குழந்தையின் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். தனிப் பாலிசிகள் பலவற்றில் குழந்தைக்கு 91ஆம் நாளிலிருந்துதான் சேர்க்கை.

பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள். வேலை விட்ட பின்பும் வட்டி சேரும். ஐந்து வருடப் பணிக்குமுன் எடுத்தால் வரி வரும். ஓய்வூதியத்துக்கு மொத்தம் பத்து வருடப் பணி வேண்டும். ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் பழைய வருடங்கள் அழிந்து, மறுபடி வேலையில் சேரும்போது பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும்.

கடைசி நாளில் வாங்க வேண்டியவை: ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, படிவம் 16 எப்போது வரும் என்ற தகவல். அலுவலக மின்னஞ்சல் அன்றைக்கே மூடப்படும் என்பதால் எல்லாமே சொந்த மின்னஞ்சலுக்கு வரட்டும். பி.எஃப். தளத்தில் உங்கள் கணக்கில் வேலை விட்ட தேதியை நிறுவனம் பதிந்ததா என்று இரண்டு மாதம் கழித்துத் திறந்து பாருங்கள். பதியவில்லை என்றால் நீங்களே பதியலாம், ஆதாரோடு இணைத்த கைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அந்த எண் பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன் வைத்திருந்த பழைய எண்ணாக இருக்கும். சிம் கையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.